காவற்கண் இமைப்பதேன்?

வீட்டிற்குக் காவல் என்றால் முன்பெல்லாம் பூட்டும் நாயும் திண்ணையில் படுத்திருக்கும் முதியவருமே நினைவிற்கு வருவர். இன்று அவர்களோடு மற்றொரு காவலும் சேர்ந்திருக்கிறது. வாயிலின் மேல், கைக்குள் அடங்கும் அளவில், ஒரு சிறிய காமிரா அமர்ந்திருக்கிறது. அது காணும் காட்சி கம்பியின் துணையின்றி வீட்டினுள் இருக்கும் ரவுட்டரை அடைகிறது. அங்கிருந்து இணையத்தின் வழியே வெளியூரில் உள்ள மகனுடைய கைப்பேசியில் தோன்றுகிறது. ஊரில் தனித்து வாழும் தாய் காலையில் வாசலில் கோலமிடுவதைத் தொலைவிலிருந்து காணும் மகனுக்கு அது வெறும் படம் அன்று. அன்றைய நாளின் முதல் நற்செய்தி.

ஆனால் இக்காவற்கண் அடிக்கடி இமைத்துவிடுகிறது. கோலத்தைக் காண வேண்டிய இடத்தில் 'இணைப்பு இல்லை' என்னும் இரண்டு சொற்களே நிற்கின்றன. முதல்முறை அதைக் காணும் மகன் அஞ்சுகிறான். அண்டை வீட்டாரை அழைத்துக் கேட்கிறான். பத்தாம் முறை அவன் அஞ்சுவதில்லை. 'வழக்கம்போல் அறுந்திருக்கும்' என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான். அச்சத்தினும் பெரிய தீங்கு இதுவே. மெய்யாகவே ஏதேனும் நேரும் நாளிலும் அவன் அவ்வாறே எண்ணிவிடக்கூடும் அன்றோ? உறங்கும் காவலனைக் கண்டால் அவன் உறங்குகிறான் என்று தெரியும். இணைப்பு அறுந்த காமிராவோ விழித்திருக்கும் காமிராவைப் போலவே தோற்றம் அளிக்கும்.

ஆதலின், இக்குறையின் காரணத்தை எவ்வாறு தேடுவது என்பதைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். இதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை. இயற்பியல் வகுப்பில் நீங்கள் பயிலும் ஓம் விதியும், தொலைவு மிக மிக அலையின் வலிமை எவ்வாறு குன்றுகிறது என்னும் விதியும் போதும். அவற்றோடு ஒரு குறிப்பேடும் பொறுமையும் வேண்டும்.

முதலில் காட்சி வரும் வழியை மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலியாகக் கருதுங்கள். காமிராவிற்கு வரும் மின்சாரம் முதற்கண்ணி. காமிராவிற்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள காற்று வழி இரண்டாவது. ரவுட்டரிலிருந்து வெளியுலகம் செல்லும் இணைய வழி மூன்றாவது. இணைப்பு அறுந்த அந்நேரத்தில் வீட்டிலுள்ள பிற கருவிகள் இணையத்தை அடைகின்றனவா என்று பாருங்கள். அவையும் அடையவில்லை எனில் குறை ரவுட்டரிலோ மூன்றாம் கண்ணியிலோ இருக்கிறது. காமிராவைக் கழற்றிப் பயனில்லை. காமிரா ஒன்றே விடுபட்டிருந்தால், அதன் விளக்கைப் பாருங்கள். விளக்கு அணைந்து மீண்டும் எரிந்தால், அன்றிக் காமிரா புதிதாகத் தொடங்குவதுபோல் தலையைத் திருப்பினால், ஐயம் மின்சாரத்தின்மேல் விழ வேண்டும். விளக்கு இடையறாது எரிய, இணைப்பு மட்டும் அறுமாயின் காற்று வழியை ஆராய வேண்டும்.

அடுத்து, எதையும் தொடுமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எப்போது அறுகிறது? நாளும் நேரமும் ஒரு வாரம் குறித்து வந்தால் அக்குறிப்பேடே பாதி விடையைச் சொல்லிவிடும்.

நான் கண்ட ஒரு வீட்டில் வாயிற்கதவருகே இருந்த காமிரா பகலெல்லாம் ஒழுங்காக இயங்கும். பொழுது சாய்ந்ததும் அறுந்துவிடும். வீட்டார் ஒரு காரணம் சொன்னார்கள்: 'மாலையில் தெருவில் உள்ளவர் அனைவரும் வீடு திரும்பி இணையத்தைப் பயன்படுத்துகிறார்கள், நெரிசல் மிகுந்துவிடுகிறது.' பொருத்தமான காரணந்தான். ஆயினும் மாலையில் நிகழும் மாற்றம் அது ஒன்று மட்டும் அன்று. இருள் சூழ்ந்ததும், இருட்டிலும் காணும்பொருட்டு, காமிரா தன்னிடமுள்ள அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றிக்கொள்கிறது. அப்போது அதற்கு மிகுதியான மின்னோட்டம் தேவைப்படுகிறது. இவ்விரண்டில் எது மெய்க்காரணம்? நண்பகலில், தெருவில் நெரிசல் இல்லாத வேளையில், காமிராவின் முகத்தைத் தடித்த கறுப்புத் துணியால் மூடினோம். அது இரவு வந்ததென்று கருதி விளக்குகளை ஏற்றிற்று. சிறிது நேரத்தில் இணைப்பும் அறுந்தது. தெருவார்மேல் சுமத்திய பழி நீங்கிற்று.

காரணம் கம்பியில் இருந்தது. வீட்டினுள் ஓர் அடாப்டர் 5 வோல்ட் மின்னழுத்தம் தந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 10 மீட்டர் மெல்லிய கம்பி காமிராவரை சென்றது. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பி, போக 10 மீட்டரும் வர 10 மீட்டருமாக, ஏறத்தாழ 1.75 ஓம் மின்தடை உடையது. பகலில் காமிரா 0.3 ஆம்பியர் கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி கம்பியில் அரை வோல்ட் இழப்பு, காமிராவிற்கு 4.5 வோல்ட் கிடைக்கும். இரவில் 0.9 ஆம்பியர் கொண்டால் இழப்பு 1.6 வோல்ட், எஞ்சுவது 3.4 வோல்ட். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் கருவி மயங்கி விழுகிறது. விழுந்ததும் மீண்டும் எழ முயல்கிறது. அடாப்டரைக் காமிராவின் அருகே மாற்றியதும் குறை நீங்கியது. புதிய காமிராவும் வேண்டியிருக்கவில்லை. புதிய ரவுட்டரும் வேண்டியிருக்கவில்லை.

நம் ஊர்களில் மின்வெட்டை ஒட்டியும் இக்குறை நேர்வதுண்டு. பல வீடுகளில் இன்வெர்ட்டர் விளக்கிற்கும் விசிறிக்கும் மின்சாரம் தருகிறது. காமிராவும் அவ்வழியில் சேர்ந்திருக்கும், ரவுட்டர் சேர்ந்திராது. அப்போது காவற்கண் விழித்திருந்தும் கண்டதைச் சொல்ல ஆள் இருப்பதில்லை. இரண்டையும் ஒரே காப்பு மின்சாரத்தில் இணைப்பதே முறை.

இனிக் காற்று வழியைக் காண்போம். இந்த நிலையம் பேசுகிறது. உங்கள் வானொலிப் பெட்டி கேட்கிறது. பெட்டி விடை கூற வேண்டுவதில்லை. காமிராவின் நிலை வேறு. அது ரவுட்டரின் குரலைக் கேட்கவும் வேண்டும். தன் குரலை ரவுட்டர் கேட்கும்படி பேசவும் வேண்டும். பெரும்பாலும் ரவுட்டரின் குரல் வலியது. சிறிய காமிராவின் குரல் மெலியது. வாயிலில் நின்று கைப்பேசியைப் பார்த்து, 'இங்கு அலை நன்றாக வருகிறதே' என்று பலர் கூறுவர். அவர்கள் கண்டது ரவுட்டரின் குரல் வாயிலை எட்டுவதை மட்டுமே. காமிராவின் குரல் கூடத்தை எட்டுகிறதா என்பது வேறு கேள்வி.

திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒன்றாகும். வீட்டிலோ வெளி திறந்ததன்று. செங்கற்சுவர் அலையை ஓரளவு குறைக்கும். இரும்புக் கம்பிகள் பொதிந்த கான்கிரீட் மேலும் குறைக்கும். இரும்புப் பீரோவும் நிலைக்கண்ணாடியின் பின்னுள்ள உலோகப் பூச்சும் அலையைத் திருப்பிவிடும். நீர்த்தொட்டி அதனை விழுங்கிவிடும். ரவுட்டரை அழகு கருதிப் பீரோவின் பின்னே மறைத்துவைத்தவர் வாயிற்காமிராவைக் குறை கூறுதல் முறையன்று.

வலிமையை அளப்பதற்கு டெசிபெல் என்னும் அளவு உண்டு. ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்டு அளக்கும்போது வீட்டில் கிடைக்கும் அலைகளுக்குக் கழித்தற்குறி இட்ட எண்களே வரும். காமிராவின் செயலி பலவற்றில் இவ்வெண்ணைக் காணலாம். −50 என்பது மிக நன்று. −67 அளவில் இருந்தால் காட்சிக்குப் போதும் என்பது இத்துறையினர் கொள்ளும் பொதுக்கணக்கு. −80 ஆயின் இணைப்பு நிலைப்பது அரிது. 50-க்கும் 80-க்கும் வேறுபாடு சிறிது என்று எண்ணிவிடாதீர்கள். இக்கணக்கில் 30 டெசிபெல் குறைந்தால் வலிமை ஆயிரத்தில் ஒரு பங்காகிறது.

வலிமை போதியதாக இருந்தும் பேச்சுக் கேளாமற் போவதுண்டு. சந்தையின் நடுவே நின்று பேசுவதுபோல. இக்காமிராக்கள் பெரும்பாலும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேசுகின்றன. 1947-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் நகரில் கூடிய அனைத்துநாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு இப்பகுதியைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கிற்று. 1985-இல் அமெரிக்கா இதில் உரிமமின்றிச் செய்தியும் அனுப்பலாம் என்று வழிதிறந்தது. 1997-இல் வைஃபைக்கு அடிப்படையான முதல் தரநிலை வெளிவந்தது. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் அறிவிப்பு இப்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்த இடமளித்தது. ஆகவே இது பொதுப் புறம்போக்குப் போன்றது. அண்டை வீட்டு வைஃபையும் புளூடூத் கருவிகளும் இங்கேதான் உலவுகின்றன. 2450 மெகா ஹெர்ட்ஸில் உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பிலிருந்தும் சிறிதளவு அலை கசிந்து இங்கு வருகிறது. சமையல் நேரத்தில் மட்டும் இணைப்பு அறுவதாகக் குறிப்பேடு கூறினால் அடுப்பின்மேல் ஐயங்கொள்ளுங்கள்.

இப்பகுதியை நம் நாட்டில் 13 அலைவரிசைகளாக எண்ணுகிறார்கள். அடுத்தடுத்த வரிசைகளின் இடைவெளி 5 மெகா ஹெர்ட்ஸ். ஒருவர் பேசுவதற்கு வேண்டிய அகலமோ 20 மெகா ஹெர்ட்ஸ். எனவே ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வரிசைகளாக 1, 6, 11 ஆகிய மூன்றையே கொள்ளுகிறார்கள். இம்மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றை ரவுட்டரில் தேர்ந்துகொள்வது நலம். 5 கிகா ஹெர்ட்ஸில் நெரிசல் குறைவே. ஆனால் அவ்வலைகள் சுவரைக் கடப்பதில் மெலிந்தவை. சிறிய காமிராக்கள் பலவற்றிற்கு அம்மொழி தெரியவும் தெரியாது.

குறிப்பேட்டில் நாள்தோறும் ஒரே நேரம் காணப்பட்டால் முகவரியை நோக்க வேண்டும். சத்திரத்தில் வந்தவருக்கு அறை எண் கொடுப்பதுபோல ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் குறித்த காலத்திற்கு மட்டும் தருகிறது. காலம் முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ளத் தவறிய காமிரா இடமிழக்கிறது. இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் அமைந்தாலும் குழப்பமே. காமிராவிற்கென ஓர் எண்ணை ரவுட்டரிலேயே நிலையாக ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை தீரும்.

தீயோர் வேண்டுமென்றே இணைப்பை அறுப்பதும் இயலும். ரவுட்டர் ஒரு கருவியை 'நீ விலகு' என்று பணிக்கும் செய்தி பழைய முறையில் முத்திரையின்றிச் சென்றது; பிறனொருவன் ரவுட்டரைப்போல் நடித்தும் அதனை அனுப்ப முடியும். அதைக் காக்கும் முறை 2009-இல் தரநிலையில் சேர்ந்தது; 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்னும் பாதுகாப்பு முறை அதனைக் கட்டாயமாக்கிற்று. உங்கள் கருவிகள் இரண்டும் இதனை ஏற்குமாயின் அம்முறையையே தேர்ந்துகொள்ளுங்கள்.

திருத்தும்போது ஒன்றை மறவாதீர்கள்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். ரவுட்டரை நகர்த்தி, அலைவரிசையை மாற்றி, அடாப்டரையும் மாற்றிவிட்டால், குறை நீங்கினாலும் எதனால் நீங்கிற்று என்பது தெரியாது. அது மீண்டும் வரும்போது தொடக்கத்திலிருந்தே தேட வேண்டியிருக்கும். அலையைப் பெருக்கும் இடைக்கருவியை அமைப்பதாயின் அதனைக் காமிராவின் அருகில் வைக்காமல் நடுவழியில், அலை இன்னும் வலிமையோடு இருக்கும் இடத்தில் வையுங்கள். தானே கேளாத செய்தியை எவரும் பிறருக்கு எடுத்துரைக்க இயலாது.

எல்லாம் செய்தபின்னும் இணைப்பு என்றேனும் அறுந்தே தீரும். ஆகவே காமிராவினுள் ஒரு மெமரி கார்டு இருக்கட்டும். காற்று வழி அறுந்தாலும் மின்சாரம் உள்ளவரை காட்சி அதில் பதிந்துகொண்டிருக்கும். மாதம் ஒருமுறை அப்பதிவைத் திறந்து பாருங்கள். அண்டை வீட்டாரின் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும். படம் வராத காலையில் தாய் நலமாக இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துச் சொல்ல அவர்களால்தான் முடியும்.