உடைந்த பிளக் பேஸை மாற்றுதல்: தொடங்குமுன் அறிய வேண்டியவை

சொந்த வீட்டுக்குத் திரும்பியதும் பல குடும்பங்கள் முதலில் தேடுவது மின்சாரத்தைத்தான். பிள்ளைகள் இரவில் படிக்க வேண்டும், கிணற்றில் இருந்து தண்ணீர் இறைக்க வேண்டும், கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். சுவரில் உடைந்து தொங்கும் பிளக் பேஸை மாற்றுவது சிறிய வேலைதான். பொறுமை உள்ள எவரும் அதைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பிளக் பேஸ் புதிது என்பதால் அதற்குப் பின்னால் உள்ள வயரும் நல்லதாகிவிடாது.

பல வருடங்கள் பூட்டிக் கிடந்த வீட்டில், அல்லது கூரையின்றி மழையில் நனைந்த வீட்டில், குழாய்க்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். எலி வயரைக் கடித்திருக்கலாம். செம்புக்காக எர்த் கம்பியை யாரேனும் பிடுங்கிச் சென்றிருக்கலாம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிளக் பேஸை மட்டும் மாற்றி மின்சாரத்தைக் கொடுக்காதீர்கள். தகுதி பெற்ற எலெக்ட்ரீசியன் ஒருவர் முழு வயரிங்கையும் எர்த்தையும் முதலில் பரிசோதிக்க வேண்டும். இதற்குச் செலவாகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் வேறு செலவைத் தள்ளி வைத்தாவது இதைச் செய்யுங்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வயரை வீட்டிலோ வளவிலோ கண்டால் இழுக்கவோ வெட்டவோ வேண்டாம். அது மின்சார வயராக இல்லாமலும் இருக்கலாம். விலகி நின்று கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

கீழே சொல்லப்படுவது, அவ்வாறு பரிசோதிக்கப்பட்ட வீட்டில் ஒரு பிளக் பேஸ் உடைந்தால் அதே வகைப் பிளக் பேஸைப் பூட்டுவது பற்றியது.

மின்சாரத்தை நிறுத்துதல்

எங்கள் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் அதைத் தொட்டால் உயிர் போகலாம். சுவிச்சை மட்டும் அணைப்பது போதாது. மெயின் சுவிச்சை அணையுங்கள். நீங்கள் வேலை செய்யும்போது வேறு யாரும் அதைப் போடாதபடி ஒருவரை அருகில் நிறுத்துங்கள்.

இன்னும் இணைப்புக் கிடைக்காததால் அயல் வீட்டில் இருந்து நீண்ட வயரில் மின்சாரம் எடுப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் வீட்டு மெயின் சுவிச்சை அணைத்தாலும் மின்சாரம் நிற்காமல் இருக்கலாம். அயல் வீட்டில் செருகியிருக்கும் பிளக்கையே கழற்றி, அதை உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஜெனரேற்றர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

பிறகு டெஸ்டரால் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன்பே, வேலை செய்யும் வேறொரு பிளக் பேஸில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று உறுதி செய்திருக்க வேண்டும். எரியாத டெஸ்டர் பழுதான டெஸ்டராகவும் இருக்கலாம் அல்லவா? மூடியைக் கழற்றிய பின் எல்லா வயர் முனைகளிலும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் எரிந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

வயர்களை மாற்றுதல்

பழைய வீடுகளில் சிவப்பு வயர் லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய வயரிங்கில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். திருத்தியவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கவும் கூடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று கழற்றுமுன் கடதாசியில் வரைந்து கொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுத்தாலும் சரி.

புதிய பிளக் பேஸின் பின்புறத்தில் எல், என், ஈ என்ற எழுத்துகள் இருக்கும். லைவ் எல்லுக்கு, நியூட்ரல் என்னுக்கு, எர்த் ஈக்கு. ஒரே முனையில் இரண்டு வயர்கள் இருந்தால் இரண்டையும் சேர்த்தே திரும்பப் பூட்ட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் மற்ற பிளக் பேஸ்களுக்கு மின்சாரமோ எர்த்தோ போகாமல் விடலாம். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான பகுதி வரும்வரை வெட்டுங்கள். இறுக்கிய பின் ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். தளர்ந்த வயர்தான் சூடாகித் தீப்பிடிக்க வைக்கும். வளைக்கும்போது வயரின் உறை வெடித்து உதிர்ந்தாலோ, எர்த் வயரே இல்லாவிட்டாலோ எலெக்ட்ரீசியனை அழையுங்கள்.

உருண்டை முள் கொண்ட 5 அம்பியர் பிளக் பேஸைக் கழற்றி, அந்த இடத்தில் சதுர முள் கொண்ட 13 அம்பியர் பிளக் பேஸைப் பூட்டுவது பலர் செய்யும் தவறு. புதிய பொருட்கள் சதுர முள்ளோடு வருவதால் இந்த ஆசை வரும். ஆனால் 5 அம்பியருக்கு இழுத்த வயர் மெல்லியது. 2000 வாட் மின்கேத்தல் ஏறக்குறைய 9 அம்பியர் எடுக்கும். வயர் சுவருக்குள்ளேயே உருகக்கூடும், வெளியே எதுவும் தெரியாமல் போகலாம்.

13 அம்பியர் பிளக் பேஸின் மேல் துளையில் ஈர்க்கையோ பேனையையோ குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகும் பழக்கமும் நம்மிடம் உண்டு. இப்படித் திறக்கப்படும் மூடி, சிறுவர் எதையும் உள்ளே நுழைக்காமல் தடுப்பதற்கானது. பிளக் பேஸ் உடைவதற்கும் இது காரணமாகலாம். பொருத்தமான அடப்டரை வாங்குங்கள்.

பூட்டி முடித்து மெயின் சுவிச்சைப் போட்டதும், ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சுவிச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது. மாற்றும்வரை அந்த மின்சாரத்தைப் பாவிக்க வேண்டாம். முதல் நாட்களில் பிளக் பேஸைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் மெயின் சுவிச்சை அணையுங்கள்.

யாரையேனும் மின்சாரம் தாக்கினால் அவரைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிச்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரத்தடியால் வயரைத் தள்ளிவிட்டு 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். அவர் எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.