லண்டன் தமிழுக்கு ஒரு பேச்சுப் பதிவேடு

தமிழ் ஆராய்ச்சி என்றதும் சென்னை, அண்ணாமலை நகர், யாழ்ப்பாணம், பேராதனை என்றுதான் மனம் ஓடும். அந்த வரிசையில் லண்டனுக்கும் ஓர் இடம் உண்டு. தமிழர்கள் அங்கே பெருந்தொகையாகக் குடியேறுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே கிடைத்துவிட்ட இடம் அது. 1934-ல் ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குப் பின்னிணைப்பாக, தமிழ் உச்சரிப்பு பற்றிய சுருக்கமான விளக்கம் ஒன்று அச்சானது. எழுதியவர் ஜே.ஆர். ஃபிர்த். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு பிரிட்டன் திரும்பி லண்டனில் ஒலியியல் கற்பித்தவர். கடல், பங்கு, பகல் என்ற மூன்று சொற்களிலும் நாம் எழுதுவது ககர வரிசைதான். வாய் அதை மூன்று விதமாக ஒலிக்கிறது. இப்படி எழுத்தை ஒதுக்கிவைத்துப் பேசுபவரின் வாயைக் கவனிப்பதுதான் அந்தக் கால லண்டன் ஒலியியலாளர்களின் வழி. 1944-ல் லண்டனின் சோயாஸ் கல்லூரியில் ஃபிர்த் பிரிட்டனின் முதல் பொது மொழியியல் பேராசிரியரானார். ஒரு சொல்லின் பொருளை அறிய அது எந்தச் சொற்களோடு சேர்ந்து புழங்குகிறது என்று பார்க்க வேண்டும் என 1950-களில் அவர் வலியுறுத்திய கருத்து, இன்றைய சாட்ஜிபிடி போன்ற மொழி இயந்திரங்களுக்கு அடியில் இருக்கும் அடிப்படை எண்ணங்களில் ஒன்று.

பேச்சைத் திரட்டி அதிலிருந்து இலக்கணம் காணும் வேலையை லண்டன் நகரம் ஆங்கிலத்துக்குச் செய்து முடித்தது. ராண்டால்ஃப் குவர்க் 1959-ல் டரம் நகரில் தொடங்கி, அடுத்த ஆண்டே யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனுக்குக் கொண்டுவந்த 'ஆங்கிலப் பயன்பாட்டு ஆய்வு' ஐயாயிரம் சொற்கள் கொண்ட 200 மாதிரிகளைச் சேர்த்தது. மொத்தம் 10 லட்சம் சொற்கள். அதில் பாதி மனிதர்கள் பேசியது, பாதி எழுதியது. கணினி கைக்கு எட்டாத காலம். எல்லாவற்றையும் காகிதச் சீட்டுகளில் தட்டச்சு செய்து அலமாரிகளில் அடுக்கினார்கள். அந்தச் சீட்டுகளின் துணையோடு குவர்க்கும் மூன்று சகாக்களும் எழுதிய, 1,700 பக்கங்களைத் தாண்டும் ஆங்கில இலக்கணம் 1985-ல் வெளிவந்தது. 1993-ல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தார் லண்டன் வந்து, 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் கையில் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, அவர்கள் நண்பர்களோடு பேசியதில் சுமார் 5 லட்சம் சொற்களைத் திரட்டினார்கள். அதற்குப் பத்தாண்டு கழித்து குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜெனி செஷயரும் லங்காஸ்டரின் பால் கெர்ஸ்வில்லும் ஹாக்னி, ஹேவரிங் பகுதி இளைஞர்களின் ஆங்கிலத்தைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள்.

இவ்வளவும் நடந்த நகரத்தில், 1983 இனக்கலவரத்துக்குப் பின் வந்து குவிந்த ஈழத்தமிழர்களின் பேச்சை யாரும் இந்த அளவில் திரட்டவில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் பெரும் பகுதியினர் ஹாரோ, பிரென்ட், ஈஸ்ட்ஹாம், டூட்டிங், குரொய்டன் என்று லண்டனைச் சுற்றியே வாழ்கிறார்கள். லங்காஸ்டர், ஷெஃபீல்ட் பல்கலைக்கழகங்கள் 2000-களின் தொடக்கத்தில் 'எமில்' என்ற பெயரில் தெற்காசிய மொழிகளுக்குக் கணினித் தரவுத் தொகுப்பு உருவாக்கின. அதில் தமிழுக்கு எழுத்துத் தரவு உண்டு. பேச்சுத் தரவு கிடையாது. வங்காளம், குஜராத்தி, இந்தி, பஞ்சாபி, உருது ஆகியவற்றுக்கு மட்டுமே பேச்சு பதிவானது. இவற்றில் இந்தி நீங்கலாக மற்ற நான்குக்கும் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஜிசிஎஸ்இ தேர்வும் இருக்கிறது; தமிழுக்கு இல்லை. அந்தச் சமூகங்கள் நமக்கு முன்பே வந்து, பள்ளிகளிலும் வானொலியிலும் இடம் பிடித்துவிட்டன. பிந்தி வந்த நாம் வகுப்பறையிலும் கணினியிலும் ஒரே சமயத்தில் விடுபட்டோம். லண்டன் தமிழர்கள் தங்கள் மொழிக்காகச் செலவிடும் பணத்திலும் உழைப்பிலும் ஒரு பங்கு முதலில் இந்தப் பேச்சுப் பதிவுக்குப் போக வேண்டும் என்பதே என் வாதம். பாடநூல், தேர்வு, மென்பொருள் எல்லாம் அதன் மேல்தான் உறுதியாக நிற்கும்.

வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து அம்மம்மா வளர்த்த பிள்ளை 'நான் வாறன்' என்று சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மதுரைக்காரப் பிள்ளை 'வர்றேன்' என்னும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் புத்தகத்தில் 'வருகிறேன்' என்று இருக்கும். 'ரீச்சர் ஹோம்வேர்க் தந்தவா' என்று அந்த அம்மம்மா வளர்த்த பிள்ளை சொல்லும்போது, அந்தத் 'தந்தவா'வுக்குள் ஓர் இலக்கணமே இருக்கிறது. எழுத்துத் தமிழில் வினையாலணையும் பெயராக நிற்கும் வடிவத்தை யாழ்ப்பாணத் தமிழ் சாதாரண வினைமுற்றாகவே ஆள்கிறது. வந்தவர், வந்தவா, வந்தவை என்று ஆளுக்கும் மரியாதைக்கும் ஏற்ப அது மாறும். 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் 'நீர்' என்றொரு விளி அங்கே இன்னும் புழங்குகிறது. 'வெற்றி', 'காற்று' என்று சொல்லும்போது தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் தேய்ந்துபோன ஒலியை ஈழத்தவர் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். லண்டனில் பிறந்த பிள்ளையிடம் இவற்றில் எது தங்கியிருக்கிறது, எது கழன்றுவிட்டது? ஐந்து வயதில் சொன்ன 'நீர்' பன்னிரண்டு வயதில் இருக்கிறதா? ஆசிரியர் தன் ஊகத்தை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. வார இறுதியில் சம்பளம் எதிர்பாராமல் வந்து நிற்பவர் அவர். பிள்ளையின் வாயில் ஏற்கெனவே என்ன தமிழ் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லக்கூடிய ஓர் ஆவணத்தை நாம் கொடுக்கவில்லை.

கொச்சையைப் பதிவு செய்து என்ன ஆகப்போகிறது, பிள்ளைக்கு நல்ல தமிழையல்லவா சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கவலை. எழுத்துத் தமிழை இழந்த பிள்ளைக்கு ஈராயிரம் ஆண்டு இலக்கியமும் இழப்புதான். ஆனால் பதிவு செய்வது வேறு, பாடமாக வைப்பது வேறு. 'வாறன்' என்று சொல்லும் பிள்ளையை 'வருகிறேன்' வரை அழைத்துப்போக, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் தெரிய வேண்டும். இந்த இரண்டு தமிழும் ஒரே மனிதரிடம் மோதலின்றி வாழ முடியும் என்பதற்கு க. கணபதிப்பிள்ளையே சான்று. கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக வீற்றிருந்தவர். அவரே 1940-ல் வெளிவந்த 'நானாடகம்' தொகுப்பில் யாழ்ப்பாணப் பேச்சை அப்படியே மேடைக்குத் தந்தார். பிள்ளைகளாலும் இது முடிகிறது. கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் ஈவ் கிரெகரி தலைமையில் 2009 முதல் 2013 வரை நடந்த ஆய்வு, லண்டனின் நான்கு சமயச் சமூகங்களில் பிள்ளைகள் மொழியும் எழுத்தும் கற்கும் விதத்தைக் கவனித்தது. தமிழ்ச் சைவக் குடும்பங்களும் அதில் அடக்கம். பள்ளிக்கூடம் கண்டுகொள்ளாத பெருங்கற்றல் வழிபாட்டோடு சேர்ந்து நடப்பதை அந்த ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கலப்பு மொழி என்ற ஏளனத்துக்கும் ஆய்வில் பதில் இருக்கிறது. ஹாக்னி இளைஞர்களின் ஆங்கிலத்தைப் பத்திரிகைகள் கேலி செய்துகொண்டிருந்தபோது, அதற்கும் ஒழுங்கான விதிகள் உண்டு என்று செஷயரும் கெர்ஸ்வில்லும் காட்டினார்கள். பதிவு கையில் இருந்ததால் காட்ட முடிந்தது.

இரண்டாவது மறுப்பு கணினிக்காரர்களிடமிருந்து வரும். இயந்திரம் இணையத்தில் கிடக்கும் கோடிக்கணக்கான சொற்களைத் தானே படித்துக்கொள்கிறதே, தனியாக ஒரு தொகுப்பு எதற்கு என்பார்கள். இயந்திரம் படிப்பது இணையத்தில் ஏறியதை மட்டும்தான். ஏறியிருப்பதில் பெரும் பகுதி தமிழ்நாட்டுச் செய்தி நடை. 'டொரண்டோ' என்று தமிழ்நாட்டார் எழுதும் நகரம் ஈழத்தவர் கையில் 'ரொறன்ரோ'. தமிழ்நாட்டில் 'டீ', 'டீச்சர்' என்பவை ஈழத்தில் 'ரீ', 'ரீச்சர்'. ஒரு வழக்கில் பழகிய இயந்திரம் மற்றொன்றை எழுத்துப்பிழை என்று திருத்த முற்பட்டால் அதில் வியப்பில்லை. குரல் தரவும் இல்லாமலில்லை. மொசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தன்னார்வலர்கள் தமிழ்க் குரல் கொடுக்கிறார்கள். அது திரையில் தெரியும் வாக்கியத்தைப் பார்த்து வாசிப்பது. ஐஐடி மெட்ராஸின் 'ஏஐ4பாரத்' குழு இயல்பான பேச்சையே மாவட்டம் மாவட்டமாகச் சேகரிக்கிறது, மிக நல்ல வேலை. அது இந்தியாவுக்குள் நடக்கிறது. ஹாரோவில் இருக்கும் எழுபது வயது அம்மா மருத்துவரிடம் 'நெஞ்சுக்க குத்துது, இரவு நித்திரை இல்லை' என்று சொன்னால், அதைச் சரியாக ஆங்கிலமாக்கும் கருவி வேண்டும். அந்தப் பேச்சை ஒருமுறையும் கேட்டிராத கருவியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஃபிர்த்தின் கருத்தே இங்கும் பொருந்துகிறது: ஒரு சொல் எவற்றோடு சேர்ந்து வருகிறது என்ற பதிவே இல்லாதபோது அதன் பொருளை இயந்திரம் எங்கிருந்து கற்கும்?

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகக் கனமானதாக எண்ணுகிறேன். அது அச்சம். அகதி விண்ணப்பங்களில் ஒருவரின் பேச்சை ஆராய்ந்து அவருடைய ஊரைக் கணிக்கும் முறையை பிரிட்டிஷ் உள்துறை கையாண்டிருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் வாழும் குடும்பத்திடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய், சும்மா பேசுங்கள் என்று கேட்பது சிறிய விஷயமில்லை. அதனால் பதிவின் பொறுப்பு சமூகத்தின் கையிலேயே இருக்க வேண்டும். எழுத்துமூல ஒப்புதல், பெயரும் ஊரும் தெருவும் நீக்கிய படி, வேண்டாம் என்றால் பின்னர் விலகிக்கொள்ளும் உரிமை, வணிக நிறுவனம் எடுத்துப் பயன்படுத்த முன்கூட்டிய அனுமதி என்ற ஏற்பாடுகள் இல்லாமல் ஒரு நிமிடம்கூடப் பதிவு செய்யக் கூடாது. 1990-களில் பிரிட்டிஷ் தேசியத் தொகுப்புக்காகத் தன்னார்வலர்கள் இடுப்பில் சிறு டேப் ரெக்கார்டரோடு நடமாடியபோதும், பேசியவர்களின் ஒப்புதலும் பெயர் மறைப்பும் திட்டத்தின் பகுதிகளாக இருந்தன. முன்மாதிரி இருக்கிறது, நாம் அதைவிடக் கறாராக இருக்கலாம்.

அளவைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. குவர்க்கின் அளவில் பாதி போதும்: ஐயாயிரம் சொற்கள் வீதம் நூறு உரையாடல்கள். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம், தமிழ்நாடு எனப் பூர்வீகம் பார்த்தும், வயது பார்த்தும் அவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம். ஜான் மாரும் ஆர்.இ. ஆஷரும் தமிழ் கற்பித்த சோயாஸில் தமிழ்க் கல்வியை மீண்டும் நிலைநிறுத்த நிதி திரட்டுகிறார்கள். அந்த முயற்சி வெல்ல வேண்டும். அங்கே அமரப்போகும் பேராசிரியரின் முதல் பணியாக இதைக் குறித்துவைக்க வேண்டும். அதுவரை வார இறுதிப் பள்ளிகள் காத்திருக்கத் தேவையில்லை. 1980-களில் நாற்பது வயதில் லண்டனில் இறங்கியவர்களுக்கு இப்போது எண்பது வயது. அவர்களின் ஊர்த் தமிழ் அவர்களோடு போய்விடும். லண்டன் வாசகர்களே, உங்கள் பிள்ளை படிக்கும் தமிழ்ப் பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு, அவர்களின் பேச்சிலிருந்தே தொடங்குங்கள்.