விதைநெல் (14): கடைவாய்க்கால் காணியும் விமானக் கம்பனிப் பங்கும்

பங்கிலாபம் என்றால் என்ன, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்களுக்கு: கம்பனி தன் இலாபத்தில் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் காசுதான் பங்கிலாபம். இந்த வாரம் கொழும்புப் பங்குச் சந்தையில் கணக்குத் திறக்கும் வழியை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கிடையில் வவுனியாவில் இருந்து ஒரு மாஸ்டர் வந்துவிட்டார்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மகன் ரொறன்ரோவில். கையில் ஒரு சி.ஆர். கொப்பி.

"தம்பி, மகன் விமானக் கம்பனிப் பங்கு வாங்கப் போறானாம். வாற பங்கிலாபத்தை வருசா வருசம் எனக்கு அனுப்பிறதாச் சொல்லுறான். எனக்கும் அது சரியாத்தான் படுது. பலாலியிலயிருந்து சென்னைக்குப் போற பிளேனில ஒரு சீற்றும் மிச்சமில்லை. நிரம்பிப் போற பஸ் நட்டப்படுமே?"

கொப்பியைத் திறந்து காட்டினார். அடிமட்டம் வைத்துக் கோடு கீறிய பக்கம். இண்டிகோவின் ஏரீஆர் விமானத்துக்கு 78 இருக்கை, அதை ரிக்கற் விலையால் பெருக்கி, போக வர இரண்டு தரம், பிறகு 365 நாள். அடியில் இரட்டைக் கோடிட்ட பெரிய தொகை ஒன்று நின்றது. பெருக்கலில் பிழையே இல்லை. ஆனால் அது வரவுப் பக்கம் மட்டும்தான்.

அடுத்த பக்கத்தில் செலவை எழுதச் சொன்னேன். முதலில் எரிபொருள். பொதுவாக மொத்தச் செலவில் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை அதுவே தின்னும். அதன் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது, கம்பனி அல்ல. அடுத்தது விமான வாடகை. உலகில் பறக்கும் விமானங்களில் ஏறத்தாழப் பாதி வாடகைக்கு எடுத்தவை. பறந்தாலும் நின்றாலும் மாதம் பிறந்தால் டொலரில் கட்டவேண்டும். பிறகு எஞ்சின் பராமரிப்பு, விமானிகள் சம்பளம், விமான நிலையக் கட்டணம், காப்புறுதி. விலை சரியில்லை என்றால் நெல்லைக் காயவைத்து, மூட்டை கட்டி, ஒரு மாதம் வைத்து விற்கலாம். பறந்துவிட்ட விமானத்தின் வெறும் இருக்கையை நாளைக்கு விற்க வழியில்லை. ஆகவே வெறுமையாகப் பறக்கவிடாமல் குறைந்த விலைக்கும் விற்கிறார்கள். பக்கத்துக் கம்பனியும் அதையே செய்கிறது.

எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும்? சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அண்மைக்காலக் கணக்குப்படி, ஒரு பயணிக்கு ஏறத்தாழ 7 டொலர். எங்கள் காசில் இரண்டாயிரம் ரூபாய் சொச்சம். அதுவும் நல்ல வருடத்தில்.

மாஸ்டர் பேனையை வைத்துவிட்டார். அவருக்கு நான் சொன்னது இரணைமடுக் கதைதான். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் தலைவாய்க்கால் காணி முதலில் குடிக்கும், நடுக்காணி பிறகு குடிக்கும். சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் முதலில் வெடிப்பது கடைவாய்க்கால் காணி. விமானக் கம்பனியில் எண்ணெய்க்காரர், வாடகைக்காரர், வங்கி, ஊழியர் எல்லோரும் மேலே இருக்கிறார்கள். சாதாரண பங்கு வைத்திருப்பவர்தான் கடைவாய்க்கால் கமக்காரன். விமானம் நிரம்பிப் போவது குளம் நிரம்பி இருப்பது போல. கடைவாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்பது வேறு கேள்வி.

இனி, இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விசயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1989இல் யூஎஸ் எயார் என்ற கம்பனியில் 358 மில்லியன் டொலர் போட்டார். அவர் வாங்கியது சாதாரண பங்கு அல்ல, முன்னுரிமைப் பங்கு. ஆண்டுக்கு 9.25 வீதம் பங்கிலாபம் தருவதாக எழுத்தில் பேச்சு. விரைவிலேயே கம்பனி நட்டத்தில் இறங்கியது. 1994இல் பங்கிலாபம் நின்றுபோனது. அந்த வருட முடிவில் தன் முதலீட்டின் பெறுமதியை அவரே காற்பங்காகக் குறைத்து, 89.5 மில்லியன் என்று கணக்கில் எழுதினார். 1996இல் போட்டதிலும் குறைந்த விலைக்கு விற்றுவிடப் பார்த்தார், அதுவும் சரிவரவில்லை.

ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. கட்டாமல் விட்ட பங்கிலாபம் அழியாது, நிலுவையாகச் சேரும். சேரும் நிலுவைக்கு வட்டியும் உண்டு. வங்கிகள் தங்கள் முதல்தரக் கடனாளிகளிடம் வாங்கும் வட்டியை விட 5 வீதப் புள்ளி அதிகம். கம்பனி நிமிர்ந்தபோது இந்த நிலுவை அதற்குச் சுட்டது. நிலுவை முழுவதையும் தீர்த்து, 1998 மார்ச்சில் பங்குகளை மீட்டுக்கொள்வதாகவும் அறிவித்தது. உலகமே கெட்டிக்காரர் என்று சொல்லும் மனிதர் தெரிவில் பிழை விட்டார். அவரைக் காப்பாற்றியது அந்த ஒரு வரி.

இதை வாசித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. எங்கள் வயல் போதாதென்று அவர் இன்னொருவரின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஒரு காலபோகம் குடலைப் பருவத்தில் வெள்ளம் வந்து எல்லாம் படுத்துவிட்டது. அப்பா காணிக்காரரிடம் போய்த் தலை குனிந்து நின்றார். அந்த மனிதர் திட்டவில்லை. குத்தகைத் துண்டை எடுத்து, அடுத்த போகம் பழைய மூட்டையோடு இன்னும் இரண்டு மூட்டை சேர்த்துத் தருவதாக எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். மை காயும்வரை ஊதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதே ஊரில் வாரத்துக்குக் காணி கொடுத்தவருக்கு அந்தப் போகம் ஒன்றுமே இல்லை. விளைந்ததில் பாதி என்பதுதான் பேச்சு. விளையாததில் பாதி எங்கே இருக்கும்? முன்னுரிமைப் பங்கு குத்தகை, சாதாரண பங்கு வாரம். பொருளியல் புத்தகத்தில் பல பக்கம் வாசித்தும் பிடிபடாதது, அந்தத் துண்டில் பிடிபட்டது.

மாஸ்டரின் மகன் வாங்கப்போவது வாரக் காணி. அதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1976 முதல் காலாண்டு தவறாமல் பங்கிலாபம் கொடுத்த கம்பனி. 2020இல் கொரோனா வந்தது. அரச உதவி வாங்கிய அமெரிக்க விமானக் கம்பனிகள் 2022 செப்டெம்பர் முடியும்வரை பங்கிலாபம் கொடுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. நாற்பது வருட ஒழுக்கம் ஒரு மாரியில் முறிந்தது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் அதே வருடம் பங்குதாரரிடமே கைநீட்டி 8.8 பில்லியன் சிங்கப்பூர் டொலர் திரட்டியது. பஃபெட்டும் பிறகு வாங்கியிருந்த நான்கு அமெரிக்க விமானக் கம்பனிகளின் பங்குகளை அந்த வருடம் விற்றுவிட்டு வெளியேறினார்.

பலாலிக்கு வரும் இண்டிகோவையே எடுப்போம். 2015இல் 765 இந்திய ரூபாய்க்குப் பங்கு விற்றார்கள். முதல் நான்கு நிதியாண்டுகளுக்குப் பங்கொன்றுக்கு 15, 34, 6, 5 ரூபாய் என்று கொடுத்தார்கள். பிறகு ஐந்து வருடம் ஒன்றுமில்லை. 2024–25 ஆண்டுக்கு 10 ரூபாய். அந்தப் பங்கின் விலை அப்போது ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆக நூறு ரூபாய்க்கு இருபது சதம்கூட வரவில்லை. ஆரம்பத்தில் வாங்கி வைத்திருந்தவருக்கு விலையேற்றத்தால் பெரிய இலாபம் என்பது உண்மை. ஆனால் விலையேற்றம் மரம் வளர்வது போன்றது. தறித்து விற்றால்தான் காசு. மாஸ்டருக்குத் தேவை வருடா வருடம் காய்க்கும் மரம்.

எங்கள் நாட்டு விமானக் கம்பனியின் பங்கு சந்தையிலேயே இல்லை. 1998இல் எமிரேட்ஸ் 70 மில்லியன் டொலருக்கு 40 வீதம் வாங்கி, 2008 வரை நிர்வகித்தது. 2010இல் அரசு எமிரேட்ஸின் பங்கை மீள வாங்கியது. பிறகு வந்த பெரும் நட்டங்களும், அரசு உத்தரவாதம் கொடுத்த 175 மில்லியன் டொலர் கடன்முறியும் எல்லோருக்கும் தெரிந்தவை. முல்லைத்தீவில் சவர்க்காரம் வாங்கும் அம்மா கட்டும் 18 வீத வற் வரியும் அந்த அரசின் திறைசேரிக்குத்தான் போகிறது. பங்குப் பத்திரம் இல்லாமலே நாங்கள் எல்லோரும் அந்தக் காணியின் கடைவாய்க்காலில் நிற்கிறோம்.

மாஸ்டருக்கு நான் சொன்ன முடிவு இதுதான். விமானப் பங்கை மகன் வாங்கட்டும், இளம் வயது, பத்து வருடம் பொறுக்க முடியுமென்றால். ஆனால் அப்பாவின் மருந்துச் செலவை அதில் கட்டிவைக்க வேண்டாம். அது விதைநெல். வெள்ளம் வந்த வருடத்திலும் கம்பனி கொடுத்ததா என்று பார்த்துத்தான் பங்கிலாபத்துக்காகப் பங்கு வாங்கவேண்டும்.

"அந்த வட்டி வாசகம் எழுதின பங்கு எனக்குக் கிடையாதோ, தம்பி?" என்று கேட்டார்.

358 மில்லியனோடு போகிறவருக்கு எழுதிக்கொடுப்பார்கள் ஐயா, எங்களுக்கு எழுதமாட்டார்கள் என்றேன். அவர் கொப்பியின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து, அடிமட்டம் வைத்து, நடுவில் கோடு கீறினார். ஒரு பக்கம் "குத்தகை", மறுபக்கம் "வாரம்". வவுனியாவில் உள்ள நிலையான வைப்பு குத்தகைப் பக்கத்தில் ஏறியது. வாரத்தின் கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.

அங்கே எழுதத்தக்க கொழும்புப் பங்குகள் எவை, கணக்கு எப்படித் திறப்பது என்பது அடுத்த வாரம்.