சக்கரத்தைத் திருப்பிப் போடு, மலையில் ஏறு

மலையடிவாரம். பந்தயத்தில் முதலாவதாக வருகிறவர் சைக்கிளை ஓரங்கட்டி இறங்குகிறார். டயர் பஞ்சராகவில்லை, செயினும் அறவில்லை. பின்சக்கரத்தின் இரு பக்கமும் இருக்கும் காது வைத்த நட்டுகளைத் திருகித் தளர்த்துகிறார். சக்கரத்தை உருவி, இடம் வலமாகத் திருப்பி, மறுபடி மாட்டுகிறார். செயினை ஏற்றி, நட்டுகளை இறுக்கி, கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மிதிக்கத் தொடங்குகிறார். 1936 வரைக்கும் டூர் டி பிரான்ஸில் கியர் மாற்றுவது என்றால் இதுதான்.

சக்கரத்தின் ஒரு பக்கத்தில் சின்னப் பல்சக்கரம், மறுபக்கத்தில் பெரியது. சமதரைக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று. கணக்கு எளிது. பெடலோடு சேர்ந்து சுற்றும் முன் பல்சக்கரத்துக்கு 44 பல், பின்னால் இருப்பதற்கு 16 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் இரண்டே முக்கால் சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு வண்டி 5.8 மீட்டர் ஓடும். இதை ‘மிதிநீளம்’ என்று வைத்துக்கொள்ளலாம். 22 பல்லுள்ள மறுபக்கத்தைப் போட்டால் மிதிநீளம் 4.2 மீட்டராகக் குறையும். வேகம் போகும், கால் பிழைக்கும்.

அதற்குள் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பெரிய பல்சக்கரம் கூடுதல் செயினை இழுத்துக்கொள்ளும். செயினின் நீளமோ மாறாதது. 16 பல்லுக்கு விறைப்பாக நிற்கும் செயின் 22 பல்லுக்கு எட்டாது. அதனால் சட்டத்தின் பின்முனையில் அச்சு உட்காரும் இடத்தை நீளவாக்கில் காடியாக வெட்டியிருந்தார்கள். மலைப்பக்கத்தை மாட்டினால் சக்கரம் சுமார் 2 சென்டிமீட்டர் முன்னால் நகரும். சமதரைப்பக்கத்தை மாட்டினால் பின்னால் போகும். ஒவ்வொரு முறையும் செயினின் விறைப்பை விரலால் அழுத்திப் பார்த்து, சக்கரம் கோணாமல் நிற்கிறதா என்று கண்ணால் அளந்துதான் நட்டை இறுக்க வேண்டும். அவசரத்தில் இறுக்கினால் செயின் கழன்றுவிடும்.

இதிலிருந்து ஒரு சூதாட்டமும் பிறந்தது. சீக்கிரம் திருப்பிவிட்டால் அடிவாரத்துச் சாய்வில் கால் வெறுமனே சுழலும். தாமதித்தால் முழங்கால் கெஞ்சும். எதிராளி நட்டில் கை வைக்கும் நேரம் பார்த்து மற்றவர் பாய்ந்து போய்விடுவார். அந்த ஒரு நிமிடத்தை எங்கே செலவழிப்பது என்று தெரிந்தவர்தான் கெட்டிக்காரர்.

அந்தக் காலத்தில் கியரே இல்லையா என்றால், இருந்தது. பிரான்ஸின் சேன்ட் எத்தியென் நகரத்தில் போல் த விவி என்ற பத்திரிகையாளர் பல கியர் வைத்த சைக்கிள்களைச் செய்து பார்த்து, மலையில் ஓட்டிக் காட்டி, எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். சுற்றுலாக்காரர்கள் அவற்றை வாங்கிச் சௌகரியமாக மலை ஏறினார்கள். தொழில்முறை வீரர்களுக்கு மட்டும் அனுமதி இல்லை. தடுத்தவர் ஆன்ரி தெக்ரான்ஜ். 1893இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தவர். பிறகு ‘லோத்தோ’ நாளிதழின் ஆசிரியர். கியரெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று எழுதினார். ஜெயிக்க வேண்டியது தசை, இயந்திரம் அல்ல என்பது அவர் கட்சி.

டூர் டி பிரான்ஸே அவருடைய பத்திரிகையைப் பிழைக்க வைக்கப் பிறந்ததுதான். மஞ்சள் தாளில் அச்சாகிவந்த ‘லோத்தோ’வுக்குப் போட்டி, பச்சைத் தாளில் வந்த ‘லெ வேலோ’. 1902 நவம்பரில் ஜியோ லெஃபேவ்ர் என்ற இளம் நிருபர், நாட்டையே சுற்றிவரும் ஒரு பந்தயம் வைத்தால் என்ன என்று கேட்டார். 1903 ஜூலையில் 60 பேர் கிளம்பினார்கள். 2,428 கிலோமீட்டர், ஆறே கட்டங்கள். முதல் கட்டம் பாரிஸிலிருந்து லியோன் வரை 467 கிலோமீட்டர், இரவையும் பகலையும் விழுங்கும் தூரம். முழுப் பந்தயத்தையும் முடித்தவர்கள் 21 பேர். சிறுவயதில் புகைபோக்கி துடைத்துப் பிழைத்த மொரீஸ் காரன் கிட்டத்தட்ட மூன்று மணி நேர இடைவெளியில் வென்றார். வானொலி இல்லாத காலம் அது. சாலையில் நின்றவனும் புழுதியோடு சில விநாடிகள்தான் வீரர்களைப் பார்த்தான்; முழுக்கதை வேண்டுமென்றால் மறுநாள் மஞ்சள் தாளை வாங்கியாக வேண்டும். 25,000 பிரதிகள் விற்ற பத்திரிகை 65,000க்கு ஏறியது. அடுத்த ஆண்டு ‘லெ வேலோ’ மூடப்பட்டது.

விற்பனைக்குத் தீனி வேண்டுமே! 1910இல் பந்தயத்தை பைரனீஸ் மலைகளுக்குள் விட்டார்கள். பாதை பார்க்கப்போன அல்ஃபோன்ஸ் ஸ்டைனெஸின் கார் தூர்மாலே கணவாய்க்குக் கீழே பனியில் சிக்கிக்கொண்டது. இரவில் நடந்தே கணவாயைக் கடந்து, விழுந்து எழுந்து, உயிர் தப்பி ஊர் வந்து சேர்ந்தவர் ஆசிரியருக்கு என்ன தந்தி அடித்தார் தெரியுமா? சாலை நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று! பத்திரிகை வரலாற்றின் மகத்தான பொய்களில் இதற்கு ஓர் இடம் உண்டு.

அந்தச் சாலை 2,115 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. வீரரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் சரிவில், 4.2 மீட்டர் மிதிநீளத்தோடு போனால், பெடல் மீது சராசரியாக 28 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் சுற்று முழுவதும் விழ வேண்டும். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது கால் எதையும் தள்ள முடியாது என்பதால், நடுவில் அதுபோல் இரண்டு மடங்கு தேவைப்படும். மண்ரோட்டின் உராய்வு தனி. இன்றைய மலைக்கியர் இந்தச் சுமையைப் பாதியாக்கிவிடும். அன்று அது கிடையாது. ஆகவே பெரும்பாலோர் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். தூர்மாலேயில் இறங்காமலே ஏறிய குஸ்தாவ் காரிகூவுக்கு 100 பிராங்க் தனிப் பரிசு. அன்றைய 326 கிலோமீட்டரையும் அந்த டூரையும் வென்ற ஒக்தாவ் லாபீஸ், வழியில் நின்ற அமைப்பாளர்களைப் பார்த்துக் கொலைகாரர்கள் என்று கத்திவிட்டுப் போனார்.

கணக்குப் போடும் முறையிலும் தெக்ரான்ஜ் கை வைத்துக்கொண்டே இருந்தார். 1904இல் ஏமாற்று வேலைகள் எல்லை மீறி, முதல் நான்கு இடக்காரர்களையும் நீக்கி, ஐந்தாவதாக வந்த 19 வயது ஆன்ரி கோர்னேவை வெற்றியாளராக அறிவிக்க வேண்டிவந்தது. 1905 முதல் நேரத்துக்குப் பதில் புள்ளி. கட்டத்தில் முதலில் வந்தவருக்கு 1, இரண்டாமவருக்கு 2. குறைந்த புள்ளிக்காரருக்கே பட்டம். வண்டி உடைந்து மூன்று மணி நேரம் போனாலும் சில புள்ளிகள்தான் நஷ்டம் என்பதால் பந்தயம் கடைசிவரை உயிரோடிருக்கும். ஆனால் ஒரு விநாடி வித்தியாசமும் ஒரு மணி நேர வித்தியாசமும் ஒன்றாகிவிடும். 1909இல் ‘கஸ்ஸெத்தா’ என்ற இளஞ்சிவப்புத் தாள் பத்திரிகை இத்தாலியில் தொடங்கிய ஜிரோ பந்தயத்திலும் இதே புள்ளிமுறை. கொத்தனாராக இருந்த லூயிஜி கன்னா வென்றார். கடிகாரத்தைப் பார்த்திருந்தால் பட்டம் ஜியோவான்னி ரோசிஞோலிக்குப் போயிருக்கும்.

இந்தக் கணக்கு விளையாட்டில் இரண்டு முறைகளிலும் அடிபட்ட ஒருவர் உண்டு: யூஜென் கிறிஸ்தோஃப். 1912இல் நேரக் கணக்கு இருந்திருந்தால் கடைசிக் கட்டம் வரை அவர்தான் முன்னிலை. புள்ளிக் கணக்கால் பெல்ஜியத்தின் ஒதீல் தெஃப்ரே வென்றார். 1913இல் நேரக் கணக்கு திரும்பிவந்தது, அதே ஆண்டில்தான் அவருடைய சைக்கிள் உடைந்தது.

பயோனிலிருந்து லூஷோனுக்கு 326 கிலோமீட்டர்க் கட்டம். தூர்மாலே உச்சியைக் கடந்து இறங்கும்போது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை, அதாவது ஃபோர்க், முறிந்தது. விதிப்படி வேறு சைக்கிள் வாங்கக் கூடாது, யாரும் உதவக் கூடாது. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் சக்கரத்தோடு, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து சேன்ட் மாரி த காம்பான் என்ற கிராமத்துக் கொல்லன் பட்டறைக்கு வந்தார். நல்ல வேளை, அவர் முன்பு பூட்டுத் தொழிலாளி. இரும்பு வேலை தெரியும். குழாய் இரும்பைக் காய்ச்சி ஒட்டுவது லேசுப்பட்டதல்ல. சூடு குறைந்தால் ஒட்டாது; கூடினால் மெல்லிய சுவர் உருகிவிடும். ஒரு கையில் இரும்பு, மறுகையில் சுத்தியல். துருத்தி ஊத மூன்றாவது கை வேண்டும். பட்டறைச் சிறுவன் ஊதினான். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகள் அதை வெளியுதவியாகக் குறித்துக்கொண்டு 10 நிமிடம் தண்டனை போட்டார்கள். பிறகு மனமிரங்கி மூன்றாகக் குறைத்தார்களாம், ஏற்கெனவே நான்கு மணி நேரத்துக்குப் பக்கமாக இழந்திருந்தவருக்கு!

கவட்டை ஏன் முறிகிறது? ஒரே அடியில் உடைவது அபூர்வம். ஒவ்வொரு கல்லிலும் அது மயிரிழை வளைந்து நிமிர்கிறது. வளைவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூட்டில் எங்கோ நுண்ணிய கீறல் தொடங்கி, வளையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீள்கிறது. இதற்கு ‘உலோகக் களைப்பு’ என்று பெயர். 1919 டூரின் நீளம் 5,560 கிலோமீட்டர். அதில் முன்சக்கரம் 26 லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். அந்த ஆண்டுதான் முன்னிலை வீரருக்கு மஞ்சள் சட்டை வந்தது, பத்திரிகைத் தாளின் நிறத்திலேயே. முதலில் அணிந்தவர் கிறிஸ்தோஃப். இறுதிக்கு முந்தைய கட்டத்தில், 28 நிமிட முன்னிலையில் இருக்கும்போது, மறுபடியும் கவட்டை முறிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பட்டம் ஃபிர்மேன் லாம்போவுக்கு. மக்கள் வசூலித்துக் கிறிஸ்தோஃபுக்குக் கொடுத்த பணம் முதல் பரிசைவிட அதிகம். 1922இல், கலிபியே மலையில், மூன்றாவது கவட்டை. அவர் ஒரு டூரும் வெல்லவே இல்லை.

ஏறுவது இப்படியென்றால் இறங்குவது வேறு விஞ்ஞானம். 1936 வரை ரிம் மரத்தில்தான் இருக்க வேண்டும். பிடிவாதம்போலத் தோன்றும் இதற்குப் பின்னால் நியாயமான பயம் இருந்தது. பந்தய டயரை ரிம்மோடு பசை போட்டு ஒட்டுவார்கள். 90 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், இரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக் கட்டை உரசும் இடத்தில் வெப்பமாகும். உலோக ரிம் அதை நேரே பசைக்குக் கடத்தி, உருக்கி, வளைவில் டயரைக் கழற்றிவிட்டால்? மரம் வெப்பத்தைக் கடத்தாது. தெக்ரான்ஜின் விதிகளில் இயற்பியலோடு ஒத்துப்போகிற ஒன்றிரண்டில் இதுவும் சேரும்.

இன்னொரு புதுமைக்கு விதை குளிரில் மரத்த விரல்கள். இத்தாலிய வீரர் துல்லியோ காம்பஞோலோ, 1920களில் குரோச்சே தாவுனே கணவாயில் பனிக்குளிரில் காது நட்டைத் திருக முடியாமல் பந்தயத்தைக் கோட்டைவிட்டார் என்பது அவருடைய நிறுவனம் பெருமையோடு சொல்லிவரும் கதை. கதை எப்படியோ, அவர் பேர் சொல்லும் பொருள் நிஜம். அச்சுக்கு நடுவே துளையிட்டு ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, கம்பியின் முனையில் நெம்புகோல் ஒன்றை வைத்தார். நெம்புகோலின் தலை வட்டம்தான். ஆனால் சுழலும் புள்ளி அதன் மையத்தில் இல்லை, ஒதுங்கியிருக்கிறது. அரைச் சுற்று திருப்பினால் வட்டத்தின் தடித்த பக்கம் வந்து சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும். திருகவே வேண்டாம், ஸ்பானரும் வேண்டாம். இன்று நல்ல சைக்கிள்களில் சக்கரத்தைக் கழற்றும் நெம்புகோல் இதன் வழிவந்தது.

பந்தயத்தை இந்தக் கண்டுபிடிப்புகளைவிட வேகமாக மாற்றியது ஒரு அழுகை. 1929இல் மஞ்சள் சட்டையோடு போன விக்டர் ஃபோந்தான், பைரனீஸில் விடியும் முன்பே விழுந்து வண்டியை உடைத்துக்கொண்டார். கிராமத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஒரு சைக்கிள் தேடிப்பிடித்து, உடைந்ததை விதிப்படி முதுகில் கட்டிக்கொண்டு வெகுதூரம் ஓட்டி, கடைசியில் சாலையோரத்தில் உட்கார்ந்து அழுது விலகினார். முன்னிலையில் இருப்பவரை இப்படி வெளியேற்றும் பந்தயம் என்ன பந்தயம் என்று பத்திரிகைகளே கேட்டன. மறு ஆண்டு விதிகள் தளர்ந்தன.

1936இல் உடல்நலம் கெட்டு தெக்ரான்ஜ் ஒதுங்க, ஜாக் கோதே பொறுப்பேற்றார். 1937இல் கியர்மாற்றி வந்தது. பின்னால் அடுத்தடுத்து மூன்று பல்சக்கரங்கள். செயினை இரண்டு விரல்போல் பிடித்த சிறு கவை, ஓடும்போதே அதைப் பக்கவாட்டில் தள்ளி அடுத்த பல்லில் ஏற்றும். மிச்சமாகும் தளர்வை ஸ்பிரிங் வைத்த ஒரு கை கீழிருந்து இழுத்துப் பிடிக்கும். காடியும் வேண்டாம், 2 சென்டிமீட்டர் நகர்வும் வேண்டாம். அதைக் கொண்டு முதலில் டூரை வென்றவர் ரோஜே லாபெபி.

ஆனால் அந்த ஸ்பிரிங் கை செயினை உரசி வீரர்களின் உழைப்பைக் கொஞ்சம் தின்றது. அது பிடிக்காத காம்பஞோலோ 1940களில் ஒரு விபரீதமான மாற்றுவழி கண்டார். கையே வேண்டாம், ஓடும் வண்டியில் சக்கரத்தையே முன்பின்னாக நகர்த்திவிடலாம்! வீரர் ஒரு கையைப் பின்னால் நீட்டி, இருக்கைக்குக் கீழே உள்ள முதல் நெம்புகோலால் பின்சக்கரத்தைத் தளர்த்துவார். பெடலைப் பின்னோக்கி மிதித்தபடி இரண்டாவது நெம்புகோலால் செயினை வேறு பல்லுக்குத் தள்ளுவார். பல்வெட்டிய காடியில் அச்சு தானாக உருண்டு செயின் விறைப்பாகும் இடத்துக்கு நகரும். உடனே முதல் நெம்புகோலை இறுக்கிவிட வேண்டும். தம் முதல் டூரை 1938இல் வென்ற ஜீனோ பார்த்தாலி, 1948இல், தம் 34 வயதில், ஆல்ப்ஸ் சரிவுகளில் இதை மறுபடி மறுபடி செய்துகொண்டே இரண்டாவது டூரையும் வென்றார்.