அத்திப்பழம் தின்ற வாத்து

எகிப்து தேசத்து ஸக்காராவிலுள்ள புராதனக் கல்லறைகளில், 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சுவர்ச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆட்கள் வாத்துக்களைப் பிடித்து, தீனி உருண்டைகளை வாயில் திணிக்கும் காட்சியை அவற்றில் காணலாம். பின்னாளில் ரோமர்கள் அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்க வைத்த ஈரலை விருந்தில் பரிமாறினார்கள். 'அத்தியூட்டிய ஈரல்' என்று அதற்குப் பெயர். நாளடைவில் அப்பெயரில் ஈரல் மறைந்து அத்தி மட்டும் நின்றது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் இன்று கல்லீரலைக் குறிக்க வழங்கும் சொற்கள் அந்த அத்தியிலிருந்து பிறந்தவைதாம்!

அந்த வாத்துக்களுக்கு யாரும் நெய் வார்க்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தானியமும் இனிப்புமே ஈரலில் கொழுப்பாகத் திரண்டன.

மனித சரீரத்திலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. காப்பியில் போடும் சர்க்கரை, குடலில் குளூக்கோஸ், பிரக்டோஸ் என்று சரிபாதியாகப் பிரிகிறது. குளூக்கோஸை எல்லா அவயவங்களும் பங்கிட்டுக் கொள்கின்றன. பிரக்டோஸ் அளவு மிஞ்சினாலோ, அதன் பெரும்பாகம் கல்லீரலின் தலையில் விழுகிறது. கல்லீரல் சுமார் 100 கிராம் சர்க்கரைச் சத்தையே சேமித்து வைக்க வல்லது. அந்தக் களஞ்சியம் நிறைந்தபின் வருவதில் ஒரு பங்கைக் கொழுப்பாக மாற்றுகிறது. அதில் கொஞ்சம் அங்கேயே தங்கும்; மற்றது டிரைகிளிசரைடு என்ற பெயருடன் இரத்தத்தில் புறப்படும். "நெய்யைத் தொடுவதே இல்லை, எனக்கு எப்படி ஐயா இரத்தத்தில் கொழுப்பு வந்தது?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது ஜிலேபியை எடுக்கும் நண்பர்களை நாம் அறிவோம்.

இதனால் நெய்க்கு நற்சாட்சிப் பத்திரம் கிடைத்துவிட்டதாக எண்ணலாகாது. நெய், வெண்ணெய் போன்று உறையும் கொழுப்பு மிகுந்தால், இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை உள்ளே வாங்கிக்கொள்ளும் ஈரலின் வாசல்கள் குறைகின்றன. அவ்வாசல்களைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்கர் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

1980-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவசாலையைச் சேர்ந்த லுட்விக் என்பவரும் சகாக்களும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் குடிகாரரின் ஈரல், ஆட்களோ குடிப்பவர்களல்லர். பெரும்பாலோர் ஸ்தூல சரீரிகள். பலருக்கு நீரிழிவும் இருந்தது. அதுவரை அந்நோய்க்கு ஒரு பெயர்கூட இல்லை. வலியின்றி வருஷக்கணக்கில் வளர்ந்து, சிலருக்கு ஈரலைத் தழும்பேறிச் சுருங்கச் செய்துவிடும். கள்ளுக்கடை வாசலை மிதிக்காத குடும்பம் என்ற பெருமை இங்கே செல்லாது.

ஆயினும் ஈரல் பொறுமைசாலி. உடல் எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைத்தால், பலருக்கு அழற்சி தணிகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர், சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் கூறிய வரம்பு. வெல்லம், தேன், பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழம் சேராது.