வீட்டில் கட்டும் விமானம்: பிரேக்குக்கும் சுக்கானுக்கும் பொறுப்பு யார்?

புது தில்லி: மும்பை கண்டிவலியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரக்கூடிய விமானத்தை உருவாக்கியவர் விமானி அமோல் யாதவ். 2016-இல் "மேக் இன் இந்தியா" வாரத்தின்போது பார்வையாளர்களை வியக்க வைத்த அந்த விமானத்துக்கு, 2017 நவம்பரில் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்ககம் "விடி-என்எம்டி" என்ற பதிவு எண்ணை வழங்கியது.

இத்தகைய முயற்சிகளில் என்ஜினும் இறக்கையுமே பேசப்படுகின்றன. விமானியின் உயிரோ, அவர் கையில் உள்ள கட்டுப்பாட்டுத் தண்டையும் காலடியில் உள்ள பிரேக்கையும் நம்பியிருக்கிறது.

கம்பியா, தண்டா?

விமானியின் கை அசைவை இறக்கையின் மடல்களுக்குக் கொண்டு செல்ல இரண்டு வழிகள் உண்டு. எஃகுக் கம்பி வடம் எடை குறைந்தது. வளைந்த பாதையிலும் கப்பிகள் மூலம் செல்லும். ஆனால், வெப்பத்தில் அலுமினிய உடல் எஃகைவிட அதிகமாக விரிவதால் வடத்தின் இறுக்கம் மாறும். தள்ளு தண்டில் தொய்வு இல்லை; எனினும், அதற்கு நேரான பாதை தேவை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாற்றிப் பொருத்துவதுதான் மிகக் கொடிய தவறு. தண்டை இடப்பக்கம் சாய்த்தால் இடது இறக்கை மடல் மேலெழ வேண்டும். அது கீழிறங்கினால், விமானம் வலப்பக்கம் உருளும். தரையில் ஒரு நிமிடச் சோதனையில் தெரிந்துவிடும் இத்தவறு, வானில் தெரியவந்தால் திருத்த அவகாசம் கிடைக்காது.

பிரேக்கில் கணக்கு

தரையிறங்கும் வேகம் மணிக்கு 80 கி.மீ.யிலிருந்து 100 கி.மீ. ஆனால், பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். ஒரே கைப்பிடியில் இயங்கும் பிரேக் எளிமையானது. சுக்கான் மிதிகளின் மேல் தனித்தனியாக அமையும் கால்விரல் பிரேக், தரையில் விமானத்தைத் திருப்பவும் உதவும். வால் சக்கர விமானத்திலோ பிரேக்கைப் பலமாக அழுத்தினால் மூக்கு மண்ணில் குத்தும்.

திரவத்திலும் கவனம் தேவை. விமானங்களுக்கான சிவப்பு நிறக் கனிம எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர் வளையங்களில் கார் பிரேக் திரவத்தை ஊற்றினால் வளையங்கள் கெட்டு, பிரேக் செயலிழக்கலாம்.

டென்வரின் மரணம்

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-இல் கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது, வேறொருவர் கட்டிய "லாங்-இசட்" விமானம். எரிபொருள் தொட்டியை மாற்றும் பிடி, வரைபடத்தில் இருந்த இடத்தில் அல்லாமல் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. எட்டாத இடத்தில் இருந்த அந்தப் பிடியும் விபத்துக்குக் காரணம் என விசாரணை கூறியது.

சட்டம் என்ன சொல்கிறது?

1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றான "பாரதிய வாயுயான் விதேயக்" மசோதா, 2024 ஆகஸ்டில் மக்களவையிலும் டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அவையில் அதன் ஹிந்திப் பெயருக்கு எதிர்ப்பு எழுந்தது. பெயர்ச் சர்ச்சையில் அதிகம் கவனிக்கப்படாதது, விமான வடிவமைப்பும் சட்டத்தின் வரம்புக்குள் வந்த மாற்றம்.

ஒரு பிடியை எங்கே பொருத்துவது என்பது கட்டுபவரின் சொந்த விருப்பமாகத் தோன்றலாம். ஆனால், அதற்கு விலை கொடுப்பவர் பின்னாளில் அந்த விமானத்தை வாங்குபவராகவும் இருக்கலாம். வடிவமைப்பைச் சட்டம் கண்காணிக்க வேண்டியதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.