உடைத்த கண்ணாடிக்குக் காசு, எடுத்த தண்ணீருக்குச் சிறை

கல் படிக்கட்டில் பத்து இளைஞர்கள். கருநீல வால்கோட்டு, கடுகு நிற வெயிஸ்ட்கோட்டு, வெளிர்நீல போ டை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1987இல் எடுத்த படம் இது. நிற்பவர்களில் ஒருவர் டேவிட் கேமரன். கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பவர் போரிஸ் ஜான்சன். இருவருமே பின்னாளில் பிரிட்டனின் பிரதமர்கள். கேமரனின் நிதியமைச்சராக இருந்த ஜார்ஜ் ஆஸ்போர்னும் சில ஆண்டுகள் கழித்து இதே உடையில் படத்துக்கு நின்றவர்தான்.

அவர்களை இணைத்தது புல்லிங்டன் கிளப்.

என்ன கிளப் இது?

1780இல் கிரிக்கெட்டுக்கும் வேட்டைக்குமாகத் தொடங்கி, விருந்தும் குடியுமாக மாறிய ஆண்கள் கிளப். விண்ணப்பித்துச் சேர முடியாது. அவர்களே அழைக்க வேண்டும். அளவெடுத்துத் தைக்கும் அந்தச் சீருடைக்கு மட்டும் சுமார் 3,500 பவுண்டு ஆகும் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. வசதியில்லாதவரை வாசலிலேயே நிறுத்த இந்த உடை ஒன்றே போதும்.

1894இல் விருந்து முடிந்து வந்த உறுப்பினர்கள் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் 468 ஜன்னல்களை நொறுக்கினார்கள். 1927இலும் அதே கூத்து நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றி 15 மைலுக்குள் கூடக் கூடாது என்று கிளப்புக்குத் தடை வந்தது. 2004 டிசம்பரில் ஃபைஃபீல்டு கிராமத்து மதுவிடுதி ஒன்றில் நடந்த கிளப் விருந்தில் 17 ஒயின் பாட்டில்கள் உடைந்தன. நால்வரைப் போலீஸ் பிடித்தது.

அரசியலுக்கு இதில் என்ன வேலை?

குடிப்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டில் இடமா இல்லை? இங்கே கிடைப்பது வேறு. ஒன்று, ஆயுள் முழுக்கத் தொடரும் அறிமுகம். இன்னொன்று, உடைத்ததற்குக் காசைக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்ற நினைப்பு. யார் வீட்டுச் சுவர், யார் கூட்டிப் பெருக்குவார் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. ஆளப்போகிறவர்கள் இருபது வயதில் இந்தப் பாடத்தைப் படிப்பதுதான் ஆபத்து.

2011 ஆகஸ்டில் லண்டனில் கலவரம் வெடித்தது. வன்முறையில் ஈடுபட்டவர்கள் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்றார் அப்போது பிரதமராக இருந்த அதே கேமரன். லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் சூறையாடப்பட்ட கடையிலிருந்து தண்ணீர் பாட்டில்களை எடுத்துச் சென்ற, முன்பு எந்தக் குற்றமும் செய்யாத 23 வயது மாணவருக்கு ஆறு மாதச் சிறை. அந்தத் தண்ணீரின் விலை மூன்றரை பவுண்டு.

இன்று என்ன நிலை?

1987 படத்தை வெளியிடும் அனுமதியை, உரிமை வைத்திருந்த நிறுவனம் 2007இல் திரும்பப் பெற்றது. 2018இல், கேமரன், ஜான்சன் கட்சியின் பெயரைத் தாங்கிய ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களின் கன்சர்வேட்டிவ் சங்கமே, புல்லிங்டன் உறுப்பினர்கள் தங்களிடம் பொறுப்புக்கு வரக் கூடாது என்று அறிவித்தது.

கிளப்பில் இருந்த அந்த நாட்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்று கேமரனும் ஜான்சனும் பிற்பாடு சொன்னார்கள். நாடு அதை இளமைக் கோளாறு என்று ஏற்றுக்கொண்டு, இருவரையும் பிரதமராக்கியது. இளமையில் செய்த தவறு மன்னிக்கக்கூடியதுதான். அந்த மன்னிப்பில் ஒரு பங்கு, தண்ணீர் பாட்டில் எடுத்த மாணவருக்கும் கிடைத்திருக்க வேண்டும்.